லண்டனில் மல்லிகையும் செங்காந்தளும் பூக்க: செடியைத் தூங்க விடுங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வடக்கு லண்டனில் வீடு, பின்னால் தெற்கு பார்த்த சின்னத் தோட்டம், கிரீன்ஹவுஸ் கிடையாது. பூஜைக்கும் தலைக்கும் ஆகும் என்று குண்டுமல்லி வாங்கி வைத்தால் கோடையில் பூக்கிறது. குளிர்காலத்தில் வரவேற்பறையில் ஹீட்டர் பக்கத்திலேயே வைத்துக் காப்பாற்றப் பார்த்தும் ஜனவரிக்குள் இலை கொட்டிச் செத்துவிடுகிறது. மல்லிகை, செம்பருத்தி, அரளி, கனகாம்பரம் போன்ற நம் ஊர்ப் பூச்செடிகளை இந்தக் குளிரில் வளர்க்கவே முடியாதா, முடியும் என்றால் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும், நன்றாகவே முடியும். உங்கள் மல்லிகை நின்ற இடத்தில் குளிரே இல்லை என்பதைக் கவனியுங்கள். 20 டிகிரிக்கு மேல் சூடான அறையில், வெளிச்சம் போதாத மூலையில், ஈர மண்ணில் அது நின்றிருக்கிறது. வெப்பநாட்டுச் செடியைக் குளிர்நாட்டில் வளர்க்கிறவர் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான்: சூடும் வெளிச்சமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வெளிச்சம் குறைந்தால் சூட்டைக் குறைக்க வேண்டும், தண்ணீரையும் குறைக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து குறையும்போது செடி ஓய்ந்து தூங்கிவிடும். தூங்குகிற செடி குளிர்காலத்தைத் தாண்டிவிடும்.

டிசம்பர் 21 வாக்கில் லண்டனில் பகல் 8 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அதே நாளில் சென்னையில் 11 மணி நேரத்துக்கு மேல். நண்பகலில் லண்டன் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரம்தான் ஏறுகிறது. சென்னையில் அது 53 டிகிரி. அந்தச் சாய்ந்த வெயிலும் பாதி நாள் மேகத்துக்குப் பின்னால் இருக்கும், மீதி ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வர வேண்டும். இந்த வெளிச்சத்தில் 21 டிகிரி சூட்டில் ஒரு மல்லிகையை வைத்தால் என்ன ஆகும்? சூடு இருப்பதால் அது வளரப் பார்க்கும். வளர்வதற்கான உணவைத் தயாரிக்க வெளிச்சம் இல்லாததால் தண்டில் சேர்த்து வைத்ததைச் செலவழித்து, வெளுத்து மெலிந்த துளிர்களை நீட்டும். ஹீட்டர் காற்றை உலர்த்துவதால் இலையடியில் சிவப்புச் சிலந்தி ஏறும். இலை மஞ்சளாகி விழும். அதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுவோம். இலை இல்லாத செடியால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது. ஈரத்திலேயே கிடந்து வேர் அழுகும். ஜனவரியில் செத்ததாகத் தெரிகிற செடியின் வேர் பெரும்பாலும் அதற்கு முன்பே போயிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. உறைபனி பட்டால்தான் ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. 10 டிகிரிக்குக் கீழே பல நாள் நின்றாலே, பனி படாவிட்டாலும், பல வெப்பநாட்டுச் செடிகளின் செல் சவ்வுகள் பழுதாகி இலை கருத்துப்போகும். ஆகவே மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் நாம் தேடுவது 10 முதல் 14 டிகிரி வரை இருக்கும் வெளிச்சமான இடம். ஹீட்டரை அணைத்து வைத்த ஸ்பேர் ரூம், கண்ணாடி போட்ட போர்ச், மாடிப்படி லேண்டிங் ஜன்னல், இவற்றில் ஒன்று அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். வீட்டிலேயே சூடான, வசதியான இடத்தைச் செடிக்குக் கொடுக்க வேண்டும் என்று அன்பினால் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தச் செடிக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேண்டியது யாரும் உட்கார விரும்பாத அந்தக் குளிர்ந்த அறைதான். இரவில் திரையை இழுத்து மூடும்போது செடி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; இலை கண்ணாடியைத் தொடவும் கூடாது.

அப்படி ஒரு அறையே இல்லை, ஒற்றை அறை ஃபிளாட்தான் என்றால் எதிர்ப்பக்கமாகப் போகலாம். செடிக்கு மேலே ஓர் அடி உயரத்தில் எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டு, தினமும் 12 முதல் 14 மணி நேரம் டைமரில் எரியவிடுங்கள். அப்போது அறைச்சூடு பிரச்சினை இல்லை, தண்ணீரும் ஓரளவு ஊற்றலாம். சூடு மட்டும் கொடுத்து வெளிச்சம் கொடுக்காமல் விடுகிற நடுவழிதான் ஆகாது.

மல்லிகையைத் தூங்க வைப்பது அதைக் கொடுமைப்படுத்துவது போலத் தோன்றலாம். மதுரைப் பக்கத்தில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மதுரை மல்லியைத்தான் நவம்பர் கடைசி வாரத்தில், தண்ணீரைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கவாத்துக்கு நாள் சொல்கிறது. மல்லிகை புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். ஓய்ந்து, வெட்டுப்பட்டு, வெயில் ஏற ஏறத் துளிர்த்துப் பூப்பதுதான் அதன் வழக்கம். அங்கே இரண்டு மாதத்தில் வெயில் திரும்பிவிடுவதால் நவம்பரில் வெட்டுகிறார்கள். இங்கே நவம்பரில் வெட்டினால் துளிர் இருட்டில் வரும். அதனால் அக்டோபர் கடைசியிலிருந்து தண்ணீரைக் குறைத்து, குளிர்ந்த அறையில் தூங்கவிட்டு, மார்ச் முதல் வாரத்தில் கவாத்து செய்யுங்கள். ஒவ்வொரு கிளையையும் பாதிக்கு மேல் வெட்டலாம், பயப்பட வேண்டாம். பிறகு சூடான, நல்ல வெயில் விழும் ஜன்னலுக்கு மாற்றித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் ஏப்ரலில் துளிர் வந்துவிடும்.

தூங்கும் மாதங்களில் எவ்வளவு தண்ணீர்? நாளை எண்ணி ஊற்றாதீர்கள். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், தொட்டியைத் தூக்கியும் பாருங்கள். உள்ளே உலர்ந்து தொட்டி எடை குறைந்திருந்தால் ஒரு டம்ளர். அவ்வளவுதான். இலை பாதி கொட்டினாலும் பதறாதீர்கள். தண்டை நகத்தால் மெல்லக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா? தெரிந்தால் செடி உயிரோடு இருக்கிறது.

மண் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். கடையில் வாங்கும் காம்போஸ்ட்டை அப்படியே நிரப்பினால் இங்கே குளிர்காலம் முழுக்க ஈரம் காயாது. மூன்றில் ஒரு பங்காவது பெர்லைட்டோ (காம்போஸ்ட்டில் கலக்க விற்கும் எடையில்லாத வெள்ளைத் துகள்) கரடுமுரடான மணலோ கலந்தே ஆக வேண்டும். வேர் பெருகட்டும் என்று பெரிய தொட்டியில் வைப்பதும் தவறு. வேர் போய்ச் சேராத மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு புளித்துப்போகும். வேர்ப்பந்தை விட இரண்டு விரல் அகலமான தொட்டி போதும், மல்லிகை வேர் நெருக்கத்தில் நன்றாகவே பூக்கும். இன்னொன்று, லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கெட்டிலின் அடியில் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் நாளடைவில் மண்ணில் காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும்; இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாகிவிடும். கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து அதை ஊற்றுங்கள். இட்லிப்பூ, கார்டினியா மாதிரிச் செடிகளுக்கு மழைத்தண்ணீர் இல்லாமல் இந்த ஊரில் வழியே இல்லை. மல்லிகை கொஞ்சம் தாங்கும்.

மே மாதக் கடைசி, இரவு 10 டிகிரிக்குக் கீழே போவது நின்ற பிறகு, செடியை வெளியே கொண்டுவரலாம். ஒரேயடியாக வெயிலில் வைத்துவிடாதீர்கள். வீட்டுக்குள் வந்த இலைக்கு இங்கிலாந்து வெயில்கூடச் சுடும், வெளிறித் தீய்ந்துபோகும். பத்து நாள் நிழலில் வைத்துப் பழக்கிவிட்டுத் தெற்குச் சுவரோரம் நகர்த்துங்கள். செங்கல் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் திருப்பிக் கொடுக்கும். மல்லிகைக்கு மொட்டுப் பிடிக்க வெதுவெதுப்பான இரவு வேண்டும், லண்டன் கோடையில் அது கிடைப்பது அந்தச் சுவரடியில்தான். தக்காளிக்கென்று விற்கும் திரவ உரத்தில் சாம்பல்சத்து தூக்கலாக இருக்கும். வாரம் ஒருமுறை அதைக் கொடுங்கள். புல்தரைக்குப் போடும் உரம் தழைச்சத்து மிகுந்தது, கொடுத்தால் இலைதான் வரும்.

பூ எவ்வளவு கிடைக்கும் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தொட்டிச் செடி ஜூலை, ஆகஸ்டில் நல்ல வாரத்தில் ஒரு கைப்பிடி தரும். தினமும் ஒரு முழம் கட்ட வேண்டுமென்றால் தொட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், அல்லது அதோடு வேறொரு கொடியையும் நட வேண்டும். அந்தக் கொடி எது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜாஸ்மின் என்ற பெயரில் இங்கே நான்கைந்து வெவ்வேறு செடிகள் விற்கிறார்கள். பிப்ரவரியில் வளையத்தில் சுற்றி, இளஞ்சிவப்பு மொட்டோடு சூப்பர்மார்க்கெட்டில் விற்பது ஜாஸ்மினம் பாலியாந்தம். அதற்கு இலையுதிர்கால இரவின் குளிர்ச்சி பட்டால்தான் அடுத்த வருடம் மொட்டு வரும், சூடான அறையிலேயே வைத்திருந்தால் வெறும் கொடியாக நிற்கும். ஸ்டார் ஜாஸ்மின் என்பது மல்லிகைக் குடும்பமே இல்லை, கிள்ளினால் அரளிபோலப் பால் வரும். ஆனாலும் வருடம் முழுக்கப் பச்சையாக நின்று வேலியை மறைக்கும் நல்ல கொடி. குளிர்காலத்தில் மஞ்சளாகப் பூக்கும் விண்டர் ஜாஸ்மினுக்கு வாசனையே கிடையாது.

உங்களுக்கு வேண்டியது ஜாஸ்மினம் அஃபிசினாலே. இமயமலைப் பக்கத்திலிருந்து வந்தது, நம் பிச்சிப்பூவுக்கு மிக நெருங்கிய சொந்தம், வாசனையும் அதே குணம். தரையிலேயே நடலாம், லண்டன் குளிர் அதை ஒன்றும் செய்யாது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பூக்கும், காம்பு நீளமாக இருப்பதால் தொடுக்கவும் வரும். இதை வேலியில் ஏற்றிவிட்டு, குண்டுமல்லியைத் தொட்டியில் வையுங்கள். குண்டுமல்லியிலும் இங்கே 'மெய்ட் ஆஃப் ஆர்லியன்ஸ்' என்று விற்கும் ஒற்றை அடுக்கு வகை எளிதில் பூக்கும். 'கிராண்ட் டியூக் ஆஃப் டஸ்கனி' என்ற பெரிய அடுக்குமல்லி அழகானது, ஆனால் மெதுவாக வளரும், இந்தக் கோடைச் சூடு அதற்குப் பற்றாது.

இங்கே எந்தச் செடி வாங்கினாலும் லேபிளில் எச் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியின் குளிர்தாங்கும் அளவு அது. எச்1 என்றால் 5 டிகிரிக்குக் கீழே போகக் கூடாத செடி. எச்3 மைனஸ் 5 வரை, எச்4 மைனஸ் 10 வரை, எச்5 மைனஸ் 15 வரை தாங்கும். ஒரு எச்சரிக்கை: இந்த எண் குளிரைப் பற்றி மட்டும் பேசுகிறது. ஈரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எச்3 செடி லண்டன் களிமண்ணில் குளிர்காலம் முழுக்க நனைந்து நின்றால் எந்த எண்ணும் காப்பாற்றாது.

செம்பருத்தி, அதாவது செவ்வரத்தை, குளிர்கால விஷயத்தில் மல்லிகையைப் போலத்தான்: குளிர்ந்த வெளிச்சமான அறை, குறைந்த தண்ணீர், மார்ச்சில் கவாத்து. அதற்கென்று ஒரு குணம் உண்டு, இடம் மாறினால் மொட்டை உதிர்த்துவிடும். செப்டம்பரில் உள்ளே கொண்டுவந்த வாரத்தில் மொட்டெல்லாம் கொட்டினால் நோய் என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் காலையில் மலர்ந்து மாலையில் சுருங்கும் பூ இங்கே குளிர்ச்சியான நாட்களில் இரண்டு நாள்கூட விரிந்து நிற்கும், அது ஒரு சந்தோஷம். தரையிலேயே நட்டு மறந்துவிட வேண்டும் என்றால் ஹைபிஸ்கஸ் சிரியாகஸ் வாங்குங்கள். குளிர்காலத்தில் இலை உதிர்த்து நிற்கும், ஆகஸ்டில் வெள்ளை, ஊதா, இளஞ்சிவப்பு நிறங்களில் பூக்கும், எச்5. ரத்தச் சிவப்பு மட்டும் அதில் கிடைக்காது.

அரளி இந்த ஊருக்கு ஓரளவு பழகிய செடி, மத்தியதரைக் கடல் ஓரமெல்லாம் தானாக வளர்வது. லண்டனில் தெற்குச் சுவரோரம் பல குளிர்காலங்களைத் தாண்டிவிடும்; கடும் பனி வரும் வாரத்தில் ஃப்ளீஸ் துணி போர்த்தினால் போதும். மழைக்கோடையில் மொட்டு விரியாமல் அப்படியே நின்றுவிடும். அந்த மொட்டுக்கொத்தை வெட்டி எறிந்துவிடாதீர்கள், அடுத்த வருடம் வெயில் வந்ததும் முதலில் பூப்பது அதுதான். இலை, பூ, தண்டு எல்லாமே நச்சு. வெட்டிய கிளையை எரிக்கவும் கூடாது, புகையும் கெடுதல்.

கனகாம்பரம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தானாக வளர்ந்த செடி. குளிரைத் துளியும் பொறுக்காது. 15 டிகிரிக்கு மேல் சூடும் விளக்கு வெளிச்சமும் உள்ள இடம் இருந்தால் உள்ளே வைத்து வளருங்கள், இல்லையென்றால் வருடாவருடம் புதிதாக வாங்குங்கள்.

இனி நான் உங்களுக்கு உண்மையில் சொல்ல விரும்பிய விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்ச் செடி என்றதும் மல்லிகையும் செம்பருத்தியும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை தானாகத் தூங்குவதில்லை, தண்ணீரைக் குறைத்து நாம்தான் வற்புறுத்தித் தூங்க வைக்கிறோம். ஆனால் வெப்பநாட்டில் மழையும் கோடையும் மாறி மாறி வருகிற இடங்களில் தானாகவே தூங்கும் செடிகள் எத்தனையோ உண்டு. வறண்ட மாதங்களில் மேலே எல்லாம் காய்ந்து, கிழங்காக மண்ணுக்குள் கிடந்து, மழை வந்ததும் எழுந்து வரும். அவற்றுக்கு லண்டன் குளிர்காலம் இன்னொரு வறட்சிக்காலம், அவ்வளவே. பனி படாத உலர்ந்த இடம் ஒன்றை மட்டும் நாம் கொடுத்தால் போதும், வெளிச்சம்கூட வேண்டாம்.

இவற்றில் முதலிடம் செங்காந்தளுக்கு. தமிழ்நாட்டின் மாநில மலர் லண்டன் பால்கனியில் இவ்வளவு சுலபமாகப் பூக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. விரல்போல நீண்ட கிழங்கு, அதன் ஒரு நுனியில்தான் முளை இருக்கும். அந்த நுனி முறிந்தால் முளைக்காது, பூப்போலக் கையாள வேண்டும். மார்ச் கடைசியில் ஒரு தொட்டியில் படுக்கைவாட்டில், இரண்டு அங்குல ஆழத்தில் வைத்து வீட்டின் சூடான இடத்தில் வையுங்கள். முளை வரும்வரை மண் லேசான ஈரத்தோடு இருந்தால் போதும். ஜூனில் வெளியே கொண்டுவந்து, மெல்லிய குச்சிகளோ வலையோ கொடுங்கள். இலை நுனியே சுருண்டு பற்றிக்கொண்டு ஏறும். ஜூலை, ஆகஸ்டில் பச்சையாகத் தொடங்கி மஞ்சளாகி, பிறகு நெருப்புச் சிவப்பாக நிறம் மாறிக்கொண்டே பூ நிற்கும். அக்டோபரில் இலை மஞ்சளானதும் தண்ணீரை முற்றிலும் நிறுத்தி, தொட்டியோடு உள்ளே ஒரு அலமாரியில் வைத்துவிடுங்கள். மார்ச் வரை தொடவே வேண்டாம். திண்டுக்கல், கரூர் பக்கங்களில் இதை விதைக்காகவே பயிரிடுகிறார்கள், கொல்ச்சிசின் என்ற மருந்துப் பொருளுக்காக. அதே பொருள்தான் கொடிய நச்சும். கிழங்கைப் பார்த்தால் சாப்பிடும் கிழங்குபோல இருக்கும், குழந்தைகள் உள்ள வீட்டில் எட்டாத இடத்தில் பெயர் எழுதி வையுங்கள்.

அந்திமந்தாரையை யாரும் இங்கே நினைத்துப் பார்ப்பதில்லை, எனக்கு அது வருத்தம். ஏப்ரலில் விதை போட்டால் ஆகஸ்டில் பூக்கும், சாயங்காலம் மலர்ந்து மணக்கும். அடியில் கறுப்பாக ஒரு கிழங்கு கட்டும். அதை நவம்பரில் தோண்டி உலர வைத்துப் பாதுகாத்தால் அடுத்த வருடம் சீக்கிரமே பெரிய செடியாக வரும்.

கல்வாழை சுலபம், ஆனால் சேமிப்பதில் ஒரு வித்தியாசம் உண்டு. முதல் பனியில் இலை கருத்ததும் அரை அடி விட்டு வெட்டி, கிழங்கைத் தோண்டி எடுங்கள். செங்காந்தள்போல முழுக்க உலரவிட்டால் சுருங்கிச் செத்துவிடும். லேசாக ஈரமான பழைய காம்போஸ்ட்டில் புதைத்து, ஷெட்டில் பனி படாத மூலையில் வையுங்கள். இலையில் மஞ்சள் கோடுகள் ஓடினால் அது வைரஸ், அந்தக் கிழங்கைக் குப்பையில் போட்டுவிடுங்கள். நிலசம்பங்கிக் கிழங்கு மார்ச்சிலேயே உள்ளே நட்டால் செப்டம்பரில்தான் பூக்கும், சில வருடம் அக்டோபர் ஆகிவிடும். தொட்டியில் வைத்தால் பூத்தண்டோடு உள்ளே தூக்கிவரலாம், ஒரே தண்டு வீட்டையே நிறைக்கும். ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது, பக்கக் கிழங்கு பெருத்துத்தான் பூக்க வேண்டும். கோயில் வாசலில் நிற்கும் பெருங்கள்ளியும், அதாவது புளூமேரியாவும், தானாகத் தூங்குவதே. இலை கொட்டி வெறும் தடித்த கிளைகளாக நிற்கும். நவம்பரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் 10 டிகிரிக்கு மேல் உள்ள அறையில் மூலையில் சாத்தி வைத்தால் போதும். காகிதப்பூவும் ஏறக்குறைய இப்படித்தான். அதற்கு 5 டிகிரிகூடப் போதும், உலர்ந்திருந்தால்.

இன்னொரு கூட்டம் உண்டு: பார்க்க வெப்பநாட்டுச் செடியாக இருந்தாலும் மலையில் பிறந்தவை. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் சாலையோரம் தலைகீழ் எக்காளம்போலத் தொங்கும் பெரிய வெள்ளைப் பூவைப் பார்த்திருப்பீர்கள், புருக்மான்சியா. அதன் சொந்த ஊர் தென்னமெரிக்கா, பெரும்பாலான வகைகள் ஆண்டிஸ் மலைப்பக்கத்தவை. சென்னை வெயிலில் வாடுகிற அந்தச் செடி லண்டன் கோடையில் ஆனந்தமாக வளரும், ராத்திரியில் மணக்கும். அதுவும் முழுக்க நச்சு. இமயமலை அடிவாரத்து ஜிஞ்சர் லில்லிகளில் ஹெடிகியம் டென்சிஃப்ளோரம் 'அஸ்ஸாம் ஆரஞ்ச்' என்பதைத் தரையிலேயே விட்டு, மேலே இலைமக்கு கனமாகப் போட்டால் வருடாவருடம் எழுந்து வரும்.

எந்த நாட்டுச் செடி என்பதோடு எந்த உயரத்துச் செடி என்றும் கேட்க வேண்டும் என்பதை இந்த நாட்டுத் தோட்டக்காரர்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்க்கிட் எல்லாமே புழுக்கத்தில் வளர்பவை என்று நம்பி, மலை ஆர்க்கிட்களையும் அனல் பறக்கும் கண்ணாடி வீடுகளில் அடைத்துக் கொன்றார்கள். சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பேக்ஸ்டனின் கீழ் வேலை பார்த்த ஜான் கிப்சன் 1835-இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, இன்றைய மேகாலயாவில் உள்ள காசி மலைகளில் ஆர்க்கிட் சேகரித்துத் திரும்பினார். அதே கிப்சன்தான் 1860-களில் லண்டன் பேட்டர்ஸீ பூங்காவில் கல்வாழையையும் வாழையையும் பனைவகைகளையும் கோடையில் திறந்த வெளியில் நட்டு நகரத்தையே வியக்க வைத்தவர். காற்று வீசாத, வெயில் பட்ட சரிவுகளைத் தேர்ந்து அவர் அதைச் செய்தார். அந்தத் தோட்டம் இன்றும் அங்கே மீட்டுருவாக்கப்பட்டு இருக்கிறது, ஆகஸ்டில் ஒருநாள் போய்ப் பாருங்கள். சஸெக்ஸில் உள்ள கிரேட் டிக்ஸ்டர் தோட்டமும் பார்க்க வேண்டிய இடம். 1993-இல் அதன் உரிமையாளரும் தோட்டக்கலை எழுத்தாளருமான கிறிஸ்டோஃபர் லாய்ட் அங்கே பழைய ரோஜாத் தோட்டத்தைப் பெயர்த்துவிட்டு கல்வாழை, வாழை, டாலியா என்று நட்டார். அப்போது பலருக்கு அது அதிர்ச்சி. எனக்கு அது சரியான முடிவாகத்தான் படுகிறது.

டொரன்டோவில் உள்ள உங்கள் தங்கைக்கும் இது பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பாதி பொருந்தும். அங்கே கோடை லண்டனைவிட நல்ல சூடு, மல்லிகையும் நிலசம்பங்கியும் இன்னும் நன்றாகப் பூக்கும். குளிர்காலம் மைனஸ் 20 வரை போவதால் அரளியைக்கூட வெளியே விட முடியாது, பேஸ்மென்டில் எல்லாவற்றையும் தூங்க வைக்க வேண்டும். வெளியே கொண்டுவர மே மாத விக்டோரியா நாள் விடுமுறையை ஒட்டிய நாட்களும், உள்ளே எடுக்க செப்டம்பர் நடுவும் சரியான கணக்கு.

பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாக. உள்ளே எடுப்பதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர்க் குழாயால் நன்றாக அடித்துக் கழுவுங்கள். மாவுப்பூச்சி கணுக்களில் பஞ்சு பஞ்சாகத் தெரியும், ஸ்பிரிட்டில் நனைத்த காதுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்கலாம். சிவப்புச் சிலந்தி வந்துவிட்டால் வாரம் ஒருமுறை பாத்ரூம் ஷவரின் கீழ் இலையைக் கழுவுங்கள். மண் நனையாமல் தொட்டியின் வாயைப் பாலித்தீன் பையால் கட்டிக்கொள்ளுங்கள். குளிர்ந்த அறையில் இவை இரண்டுமே மெதுவாகத்தான் பெருகும், தூங்க வைப்பதில் அது இன்னொரு லாபம்.

ஊருக்குப் போய் வரும்போது மதுரை மல்லிக் குச்சி எடுத்து வரலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் செடியோ குச்சியோ கிழங்கோ இந்த நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள், அப்படி எடுத்துப் போடுவது நியாயமும்கூட, ஒரு குச்சியோடு வரும் பூச்சி இங்குள்ள பயிர்களை அழிக்கக்கூடும். வேண்டியதெல்லாம் இங்கேயே கிடைக்கும். இப்போது அக்டோபர். மல்லிகைச் செடி இந்த மாதம் வாங்க வேண்டாம், வளர்ந்து வேர் பிடிக்க வெளிச்சம் இல்லாத நேரம் இது, ஏப்ரலில் வாங்குங்கள். செங்காந்தள் கிழங்கு பிப்ரவரியிலிருந்து கடைகளில் வரத் தொடங்கும், நுனி முளை முறியாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஜாஸ்மினம் அஃபிசினாலேயை மட்டும் மண் இன்னும் ஈரமும் கொஞ்சம் சூடும் வைத்திருக்கும் இந்த வாரமே வேலியோரம் நட்டுவிடலாம்.